பழுப்பு ரத்தம்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஆபத்து நேரத்தில் யாரும் "சரி" என்று சொல்லக் கூடாது. அந்த விதியை வைத்தவள் நான்.

நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால், சுவரில் தொங்கும் அட்டைகளில் உரியதை ஒருவர் எடுத்து, வரி வரியாகச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். படிப்பவர் வேறு எந்த வேலைக்கும் கை நீட்டக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் அதற்குப் பொறுப்பானவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். "சரி" என்றாலோ "ம்ம்" என்றாலோ அதே வரி மறுபடி படிக்கப்படும். பயந்துபோன மனிதர்கள் எதற்கும் சரி சொல்வார்கள் என்பது மயக்க மருந்து கொடுக்கும் தொழிலில் நான் கண்டது.

எலும்பு டாக்டர் பைடிராஜு ஆரம்பத்தில் இதைக் கேலி செய்தார். "காலையில ஸ்கூல் பிரேயர், மத்தியானம் உங்க பிரேயர். சுண்டல் எப்ப தருவீங்க சௌதாமினி மேடம்?" என்பார். தலைமை நர்ஸ் நூகரத்னத்துக்கோ அட்டை உடனே பிடித்துப்போயிற்று. அனகாபல்லி சந்தையில் வெல்ல ஏலம் கூவும் குடும்பம் அவளுடையது. தொண்டை அந்தக் குடும்பத்துச் சொத்து. பெரிய டாக்டர்களை வரிக்கு வரி பதில் சொல்ல வைப்பதில் அவளுக்கு ஒரு தனி ஆனந்தமும் இருந்தது. அதை அவள் மறைத்ததில்லை.

நான் அட்டையைப் பார்த்து நடக்கும் மனசுக்காரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. விஜயவாடா ஹாஸ்டலில் இன்டர்மீடியட் படித்தபோது, சுற்றியிருந்த பெண்கள் கரிம வேதியியல் வினைகளை வாய்ப்பாடு போல உருப்போடுவார்கள். இரும்புக் கட்டில்களின் வரிசையிலிருந்து எழும் அந்த முணுமுணுப்பு இப்போதும் எனக்குக் கேட்கும். நான் எதையும் உருப்போடவில்லை. ஒரு தாளில் மூலக்கூறை வரைவேன். எங்கே எலக்ட்ரான் அதிகம், எங்கே குறைவு என்று பார்ப்பேன். அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஒரு வளைந்த அம்பு. அந்த அம்பைப் போட்டுவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்து நிற்கும். எது உடையும், எது சேரும், கடைசியில் பாத்திரத்தில் என்ன இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "பெரிய திமிரு பிடிச்சவ" என்றார்கள். இருக்கலாம். அந்தத் திமிர்தான் என்னை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் ஒன்றை நான் என்னிடமே கவனித்திருக்கிறேன். காரணம் புரிந்துவிட்டது என்கிற அந்தக் கணத்தில் மனதுக்குள் ஒரு இனிப்பு ஊறும். காரணம் தப்பாக இருந்தாலும் அதே இனிப்புதான், துளி குறையாமல் ஊறும். அதனால்தான் அட்டைகளைக் கொண்டுவந்தேன். என் புத்தி ஓடட்டும். ஆனால் ஓடுவதற்கு முன் தப்பான வாசல்களை ஒவ்வொன்றாக யாராவது சாத்திக்கொண்டே வரட்டும்.

அப்பலநாயுடுவைக் கொண்டுவந்தது ஒரு மத்தியானம். விசாகப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் காஜுவாகா ஆஸ்பத்திரிக்குத் தெற்கே இருக்கும் மருந்து மூலப்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. முப்பதைத் தாண்டாத, ஒடிசலான ஆள். குழாய் ஒன்று பிடியிலிருந்து கழன்று அடித்ததில் இரும்புப் படிமேடையிலிருந்து விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்து வெளியே தள்ளியிருந்தது. கம்பெனி அனுப்பிய துண்டுச் சீட்டில் "உடலில் கரைப்பான் தெளித்தது. உடைகள் களையப்பட்டு, தண்ணீரில் நன்கு கழுவப்பட்டது" என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். படித்துவிட்டு ஓரமாக வைத்தேன். விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று சதம் என்று காட்டியது. உதடுகள் கொஞ்சம் கறுத்திருந்தன. சுருட்டுக்காரன் உதடு என்று நினைத்தேன்.

மயக்கம் கொடுத்து, தொண்டையில் குழாய் இறக்கி, காலைப் பைடிராஜுவிடம் ஒப்படைத்தேன். அவர் காயத்தைக் கழுவி, எலும்பை நேராக்கி, அதை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் கம்பிகள் போட ஆரம்பித்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மானிட்டரின் ஓசை இறங்கியது. அந்த ஓசைக்குச் சுருதி உண்டு. ஆக்சிஜன் குறையக் குறைய அதுவும் கீழே இறங்கும். எங்கள் காதுகள் தூக்கத்திலும் அதைக் கண்டுபிடிக்கும்.

தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு.

"அட்டை," என்றேன்.

நூகரத்னம் கையைத் துடைத்துக்கொண்டு 'ஆக்சிஜன் குறைவு' அட்டையை எடுத்தாள். "முழு ஆக்சிஜன் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. பார்த்தேன்."

"வர்றது ஆக்சிஜன்தானா? அளவி என்ன காட்டுது?"

"தொண்ணூத்தொம்பது. பார்த்தேன் மேடம்," என்றான் டெக்னீஷியன் கோவிந்து.

"மேடத்துக்கு எதுக்குடா சொல்ற, படிக்கிறது நானு. குழாய் எடத்துலதான் இருக்கா?"

அப்போது பைடிராஜு குனிந்தபடியே பேசினார். "சௌதாமினி, இதுக்கு எதுக்கு இவ்வளவு? தொடை எலும்பு ஒடஞ்சிருக்கு. மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. பாடப்புஸ்தகத்துல படம் போட்டுருப்பாங்களே, அதேதான்."

என் நாக்கில் இனிப்பு ஊறியது. அவர் சொன்னது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடைந்த எலும்பு, இளவயது, மெல்ல இறங்கும் ஆக்சிஜன். அப்படியென்றால் செய்ய அதிகம் இல்லை. மூச்சைத் தாங்கிப்பிடித்துக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

"சரி," என்றேன்.

"குழாய் எடத்துலதான் இருக்கா?" என்று நூகரத்னம் மறுபடி கேட்டாள். குரலில் மரியாதை இருந்தது. விட்டுக்கொடுத்தல் இல்லை.

நான் பைடிராஜுவுக்குத்தான் சரி சொன்னேன். ஆனாலும் அவள் செய்தது நியாயம். குழாயைப் பார்த்தேன். மார்பின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். காற்று தெளிவாக, இடையூறு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கோவிந்து கிளிப்பை வேறு விரலுக்கு, பிறகு காதுக்கு மாற்றினான். அங்கேயும் எண்பத்தைந்து.

"அறுக்கற எடத்துல ரத்தம் என்ன நிறம்?"

"ரத்தம் ரத்தமாத்தான் இருக்கு. சரி, மேல படி," என்றார் பைடிராஜு.

"அறுக்கற எடத்துல ரத்தம் என்ன நிறம்?"

"அம்மா தாயே, சரின்னு சொன்னேனே!"

"சார், சரிங்கறது எனக்குக் காதுல விழாது. மேடத்தோட சட்டம். சண்டை போடணும்னா அவங்களோட போடுங்க. ரத்தம் என்ன நிறம்?"

பைடிராஜு பெருமூச்சு விட்டு, விளக்கைத் திருப்பிவிட்டுப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"பழுப்பா இருக்கு," என்றார். அவர் குரலில் கேலி இறங்கிவிட்டிருந்தது. "அடிபட்ட தொடையில தேங்கின பழைய ரத்தம்னு நெனச்சிட்டேன். ஆனா இது இப்ப வர்றது. புதுசு."

மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். ஊசிக்குழாயில் ஏறியது காய்ச்சிய கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. பாதியைக் கோவிந்திடம் கொடுத்து, பக்கத்து அறையில் இருக்கும் சோதனை இயந்திரத்துக்கு அனுப்பினேன். மீதியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டேன். திரும்பிவந்த கோவிந்தின் கையைப் பிடித்து விரலில் ஊசியால் குத்தினேன்.

"ஐயோ மேடம்! என் ரத்தம் எதுக்கு?"

"பக்கத்துல வெச்சுப் பார்க்க. கத்தாதே."

இரண்டு சொட்டுகள். கோவிந்தினுடையது காற்றுப் பட்டதும் செக்கச் செவேல் என்று மின்னியது. அப்பலநாயுடுவினுடையதைத் துணியோடு ஆட்டினேன், ஊதினேன். அது பழுப்பாகவே கிடந்தது. பிறகு இயந்திரத்தின் முடிவு வந்தது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தாராளமாக, தேவைக்கு நாலு மடங்கு இருந்தது.

நுரையீரல் அடைத்திருந்தால் அந்த எண் விழுந்திருக்கும். இங்கே ஆக்சிஜன் உள்ளே வருகிறது. வாங்கிக்கொள்ள ரத்தத்தில்தான் கை இல்லை. கொழுப்பு இல்லை. இது வேறு.

மறுபடி இனிப்பு ஊறியது. இந்த முறை அதை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் மற்ற வாசல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"வெளியில யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி. கூட வேலை செய்யற ஒருத்தன், அவன்தான் தூக்கிட்டு வந்தான்," என்றான் கோவிந்து.

"அவன்கிட்ட கேளு, மேல தெளிச்சது என்ன? கரைப்பான்னு எழுதியிருக்கு. எந்தக் கரைப்பான்? டிரம்மு மேல என்ன பேரு, என்ன வாசனை, என்ன நிறம், எல்லாம் கேளு. பொண்டாட்டிகிட்ட வேற கேளு. இவனுக்கு மலேரியா வந்திருக்கா, மாத்திரை சாப்பிட்டிருக்கானா, சாப்பிட்டப்ப மூத்திரம் கறுப்பாப் போச்சா?"

"மூத்திரமா?"

"கேளுடா. சிலருக்கு அந்த மாத்திரை ரத்தத்தையே உடைச்சிடும். அந்த மாதிரி உடம்பா இருந்தா நான் போடப்போற மருந்தே விஷமாயிடும்."

கோவிந்து ஓடிப்போய், ஓடிவந்தான். பெயர் சன்யாசி, அந்தக் கூட்டாளிக்கு. டிரம்மின் மேல் அனிலின் என்று எழுதியிருக்குமாம். எண்ணெய் மாதிரி இருக்குமாம், கருவாட்டு நாற்றமாம். அதை எழுதினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று மேஸ்திரி கரைப்பான் என்று எழுதச் சொன்னாராம். மனைவி பாடேரு மலைப்பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு இவர் அங்கே வந்து மூன்று தடவை மலேரியாவில் படுத்தாராம், மாத்திரையெல்லாம் முழுசாகச் சாப்பிட்டாராம், மூத்திரத்தைப் பற்றிக் கேட்க வெட்கமாக இல்லையா என்று திட்டினாளாம்.

"கறுப்பாப் போச்சா, போகலையா?"

"போகலையாம் மேடம்."

"அது போதும்."

அனிலின். நான் தாளில் அம்பு போட்டுப் போட்டுத் தேய்த்த மூலக்கூறு. பென்சீன் வளையம், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நைட்ரஜன். அது தானாக ரத்தத்தை ஒன்றும் செய்யாது. வெளியேற்றும் உத்தேசத்தில் கல்லீரல்தான் அந்த நைட்ரஜன் மேல் ஒரு ஆக்சிஜனை ஏற்றுகிறது. அப்படி உருமாறியது சிவப்பணுவுக்குள் போய், அங்கிருக்கும் இரும்பிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. ஒரே ஒரு அம்பு. எலக்ட்ரானை இழந்த இரும்பு அதற்குப் பிறகு ஆக்சிஜனைத் தொடாது. ரத்தம் பழுப்பாகும். மனிதன் காற்றுக்கு நடுவில் மூச்சு முட்டிச் சாவான்.

மாற்று மருந்தும் அம்புதான். மெதிலீன் நீலம் என்கிற சாயம். உடம்பிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கி நிறம் இழக்கும். வாங்கியதை இரும்புக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகும். வட்டிக்கு விடாத கொடுக்கல் வாங்கல்.

சாயம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. ஊசி போடுவதற்கு முன் எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். "இதைப் போட்டதும் மானிட்டர் நம்பர் இன்னும் விழும். அறுபதுக்குக்கூடப் போகும். சாயத்தோட நிறத்தைப் பார்த்து கிளிப் ஏமாந்துபோகும், அவ்வளவுதான். யாரும் அலறக் கூடாது. நம்பரைப் பார்க்காதீங்க, ரத்தத்தைப் பாருங்க."

"எழுபதுக்குக் கீழ போனா நான் கண்ணை மூடிக்கறேன்," என்றார் பைடிராஜு.

"கம்பியை முடுக்கிட்டு மூடிக்கோங்க."

மெதுவாக ஏற்றினேன். சொன்னபடியே எண் விழுந்தது. எழுபத்தொன்று. அறுபத்தாறு. மானிட்டர் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போல ஓசை கொடுத்தது. நூகரத்னம் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான்தான் சொன்னேன், நான்தான் விளக்கினேன், இருந்தாலும் என் கண் மானிட்டர் பக்கமே ஓடியது. அறிவு சொல்வதை உடம்பு நம்புவதில்லை. உடம்பை நம்ப வைக்க முயலாமல், கை செய்யும் வேலையை மட்டும் விடாமல் செய்தால் போதும் என்று வெகுநாளாகப் பழகியிருக்கிறேன்.

பிறகு எண் ஏறத் தொடங்கியது. எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்றைந்தில் நின்றது. பைடிராஜு காயத்துக்குள் பார்த்துவிட்டு, "சிவப்பு! பார்த்தேன்!" என்று கத்தினார். நூகரத்னம் சிரித்தாள். "இப்பத்தான் சார் பாஸானீங்க."

அவர் கம்பிகளை முடித்துக் கட்டுப் போட்டார். நான் மயக்கத்தைக் குறைக்கும் யோசனையில் இருந்தேன். அப்போது மானிட்டர் மறுபடி இறங்கியது.

தொண்ணூற்றிரண்டு. எண்பத்தொன்பது.

நூகரத்னம் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். "மெதிலீன் நீலம் போட்டும் குறைஞ்சா, இன்னொரு தடவை போடலாம்னு இருக்கு மேடம்."

"அப்ப போட்டுடுவோம். மருந்து இருக்கு, வேலை செஞ்சுது," என்றார் பைடிராஜு.

கோவிந்து அதற்குள் அடுத்த ஊசிக்குழாயை எடுத்து நீட்டினான். நீட்டியதை வாங்கிக்கொள்வதுதான் சுலபம். நான் வாங்கவில்லை.

அளவுக்கு மீறினால் அந்தச் சாயத்துக்குக் கொடுக்க உடம்பிடம் எலக்ட்ரான் இருக்காது. அப்போது அது இரும்பிடமே பறிக்கும். காப்பாற்ற வந்தது திருட ஆரம்பிக்கும். இரண்டாவது ஊசி தாங்கும், தெரியும். மூன்றாவது? நான்காவது? நான் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தோன்றியது. விழுந்த இரும்பைத் தூக்கிவிட்டோம். யாரோ மறுபடி தள்ளிவிடுகிறார்கள். பாத்திரத்தில் விளைபொருள் கூடிக்கொண்டே போகிறது என்றால், வினைபடுபொருள் எங்கிருந்தோ வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போனது மட்டும் இவ்வளவு நேரம் இப்படிப் போராடாது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து?

கழுவப்பட்டது என்று சீட்டில் எழுதியிருந்தது. அதை நான் படித்தேன். சரி என்று ஓரமாக வைத்தேன். பார்க்கவில்லை.

"மூடியிருக்கறதை எல்லாம் எடுங்க," என்றேன்.

"குளிரும் மேடம்," என்றான் கோவிந்து.

"எடு. எல்லாரும் ரெண்டு கையுறை போட்டுக்கோங்க."

பச்சைத் துணிகளை உருவியதும் நாற்றம் மேலே வந்தது. லேசாக, இனிப்பும் கருவாடும் கலந்தது. ஆபரேஷன் செய்த வலது காலை நாங்கள் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தோம். அது சுத்தமாக, வெளிறி இருந்தது. இடது காலைத் தொட்டேன். கை வழுக்கியது. பாதம், கணுக்கால், முழங்கைகள், முதுகு, எங்கு தொட்டாலும் பிசுபிசுப்பு. தண்ணீர் பட்டு முத்து முத்தாக நின்று உருண்டிருக்கும், அவ்வளவு தடிமன். வெள்ளைத் துணியால் துடைத்தேன். மஞ்சளும் பழுப்புமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"எண்ணெய்," என்றார் பைடிராஜு. "எவன் இவனுக்கு எண்ணெய் தேய்ச்சான்?"

நூகரத்னம் ஏற்கெனவே கதவை நோக்கிப் போயிருந்தாள். அவளுடைய ஏலக் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டே அல்ல. "ஏம்மா வரஹாலம்மா! உன் புருஷன் உடம்புல என்ன எண்ணெய்?"

"வெளக்கெண்ணெய்!" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. "ஏன் சிஸ்டரம்மா, அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை, பதில் சொல்லு. எதுக்குப் பூசினாரு?"

"வேலைக்குப் போறப்ப எல்லாருமே பூசிட்டுத்தான் போவாங்க. பூசலைன்னா அந்தக் கம்பெனி மருந்து தோல்ல ஒட்டிக்கும், கை மஞ்சளாயிடும், குளிச்சாலும் போகாது. எண்ணெய் இருந்தா வழுக்கிட்டுப் போயிடும்னு சொல்லுவாங்க. காலையில நான்தான் முதுகுல தேய்ச்சுவிட்டேன்."

வழுக்கிட்டுப் போயிடும். நான் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தேன். தண்ணீர் வழுக்கிப் போயிருக்கிறது. அனிலின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் சந்தோஷமாகக் கரையும். கம்பெனிக்காரர்கள் அவனை ஷவரில் நிறுத்தி உண்மையாகவே கழுவியிருப்பார்கள். எண்ணெய் அத்தனையையும் தனக்குள் வாங்கி, தண்ணீரிடமிருந்து பத்திரமாகக் காப்பாற்றி, தோலோடு ஒட்டவைத்துக்கொண்டு, நிதானமாக உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறது. அவனைக் காக்க அவள் தேய்த்தது.

"வெந்நீர், சோப்பு," என்றேன். "நிறைய. கோவிந்து, பிரசவ வார்டுக்குப் பக்கத்துல கர்ப்பப்பை சோதனை பண்ற அறையில நீர்த்த அசிட்டிக் அமிலம் வெச்சிருப்பாங்க, ஒரு பாட்டில் வாங்கிட்டு வா."

"வினிகரா மேடம்? ஊறுகாயா போடப்போறோம்?"

"அமிலம் பட்டா அனிலின் உப்பா மாறிடும். உப்பு தண்ணியில கரைஞ்சு போயிடும். ஓடு."

"முதல்ல சோப்பா, வினிகரா?" என்று நூகரத்னம் கேட்டாள். அட்டையில் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவள் தானே ஒரு அட்டையானாள். நான் சொல்லச் சொல்ல அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள். "முதல்ல சோப்பு. எண்ணெய் போகணும். மேலிருந்து கீழ. முடி, காதுக்குப் பின்னாடி, கக்கம், தொப்புள், நகக்கண், விரலிடுக்கு. அப்புறம் வினிகர், லேசா. அப்புறம் மறுபடி சோப்பு. காயத்துக்குள்ள எதுவும் போகக் கூடாது. முதல்ல தலை, யாரு பார்க்கறீங்க?"

"நான்," என்றேன்.

"கக்கம்?"

"நான்," என்றார் பைடிராஜு. விசாகப்பட்டினத்தில் அவரிடம் காலைக் காட்ட ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர் முழங்கை வரை நுரையோடு குனிந்து தேய்த்தார். "என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படி நலங்கு வைக்கலை," என்றார். கட்டிலிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியது. கோவிந்து போர்வைகளால் அணை கட்டினான். நான் அப்பலநாயுடுவின் தலைமுடிக்குள் விரல்களை விட்டு மூன்று தடவை நுரைக்க வைத்தேன். அந்நிய ஆணின் தலையை இவ்வளவு பொறுமையாக நான் எப்போதும் கழுவியதில்லை. சொந்த ஆணின் தலையையும்கூடக் கழுவியதில்லை என்று தோன்றியது. சிரிப்பு வந்தது.

"விரலிடுக்கு?"

"பார்த்தேன்."

"தொப்புள்?"

"பார்த்தேன்."

"முதுகு?"

மூவரும் சேர்ந்து அவனைப் புரட்டினோம். முதுகில் ஒரு பெண்ணின் உள்ளங்கை போய்வந்த தடம் எண்ணெய்க்குள் இன்னும் தெரிந்தது. அதன் மேல் சோப்பைப் போட்டேன்.

கழுவி முடித்து, துடைத்து, சூடான போர்வைகளால் மூடிய பிறகுதான் இரண்டாவது ஊசியை, முதலில் போட்டதில் பாதி அளவில், கொடுத்தேன். எண் விழுந்தது, ஏறியது. தொண்ணூற்றாறு. காத்திருந்தோம். பைடிராஜு வீட்டுக்குப் போகவில்லை. ஈரச் செருப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழு. ரத்தம் எடுத்துத் துணியில் விட்டேன். யாரையும் குத்தி ஒப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை.

அப்பலநாயுடு கண்விழித்துக் குழாயைக் கடித்தான். எடுத்ததும் இருமிவிட்டு, "குளிப்பாட்டினீங்களா?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். "ஏன், செத்துட்டேனா?" என்றான்.

"செத்தவனுக்கு நாங்க வெந்நீர் வைக்க மாட்டோம்," என்றாள் நூகரத்னம். "நீலச் சாயம் ஏத்தியிருக்கு, ஒண்ணுக்குப் பச்சையா போகும். பொண்டாட்டி பார்த்து பயப்படுவா, முன்னாடியே சொல்லிவை."

நான் வெளியே வந்தேன். எனக்குள் அந்த இனிப்பு, இந்த முறை முழுதாக, வெட்கமில்லாமல் நிறைந்திருந்தது. அதை அனுபவித்துக்கொண்டே நடந்தேன். தாளில் போட்ட அம்பு ஒரு மனிதனின் உதட்டைச் சிவக்க வைத்ததைப் பார்த்துவிட்டு அடக்கமாக இருக்க என்னால் முடியாது.

வரஹாலம்மா எழுந்து நின்றாள். சின்ன உருவம். மூக்கின் இருபுறமும் மூக்குத்தி. "பிழைச்சாரா டாக்டரம்மா?"

"பிழைச்சாரு. பேசறாரு. கொஞ்ச நேரத்துல போய்ப் பாரு."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்து, "எண்ணெயாலயா?" என்று கேட்டாள். நூகரத்னத்தின் கேள்வியிலிருந்தே அவள் ஊகித்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவள் வாழ்நாள் முழுக்கத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

"கம்பெனி மருந்தாலதான். எண்ணெய் அதைப் பிடிச்சு வெச்சுடுச்சு. அது உனக்குத் தெரிய வழியில்ல. அந்தக் கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கணும். இனிமே யாரும் பூச வேண்டாம். எல்லார் வீட்டுலயும் சொல்லு."

"எல்லாரும் பூசறாங்களே. இதோ சன்யாசி தம்பி... இவன்தான் அவரைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான்."

பெஞ்சின் ஓரத்தில் சன்யாசி சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையில் டீ ஆறிப்போயிருந்தது. கம்பெனிச் சட்டையின் தோள்பக்கம் பெரிதாகக் கறை. "தலைவலி மேடம், வேற ஒண்ணுமில்ல," என்றான். "காலையிலேர்ந்து சாப்பிடலை, அதான். வீட்டுக்குப் போயிடட்டுமா? அவன்தான் பிழைச்சிட்டானே."

நான் அவன் முன்னால் குனிந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னேன். கையை வாங்கிப் பார்த்தேன். நகங்களின் கீழே ஈய நிறம். உதடுகள் சாம்பல். முழங்கையைத் தொட்டபோது என் விரல் வழுக்கியது.

"எழுந்திரு," என்றேன். "மெதுவா. என்னைப் பிடிச்சுக்கோ."

"எங்க மேடம்?"

"குளிக்க."

அவன் வரஹாலம்மாவைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவனுடைய மற்றொரு பக்கம் நின்று தோளைத் தாங்கப் போனாள்.

"நான் அப்புறம் கழுவிக்கறேன், நீ தொடாதே," என்றேன் அவளிடம். "உள்ளே போய் நூகரத்னம் சிஸ்டர்கிட்ட சொல்லு. இன்னொருத்தர் இருக்காங்கன்னு. சோப்பு, வெந்நீர், நீலம், எல்லாம் மறுபடி. அப்படியே உன் புருஷனைத் தூக்கிவிட்டவங்க, கம்பெனியில அந்த மேடையில நின்னவங்க பேரெல்லாம் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். எல்லாம் எங்க தெருதான்."

"ஃபோன் போடு. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும். தலை வலிக்குதா, உதடு கறுத்திருக்கான்னு பார்க்கச் சொல்லு. இல்லைன்னு சொன்னா விடாதே. வெளிச்சத்துல நிக்க வெச்சு, கண்ணால பார்த்தியான்னு கேளு."

அவள் தலையாட்டிவிட்டு இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தாள். நான் சன்யாசியைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அவன் எடை என் மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. கதவைத் தோளால் தள்ளினேன். பின்னால் வரஹாலம்மாவின் குரல் கேட்டது. நூகரத்னத்தினுடையதைவிடச் சன்னமான குரல். ஆனால் விட்டுக்கொடுக்காத குரல்.

"சரின்னா எப்படி அக்கா? நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் ஃபோனை வெக்க மாட்டேன், காத்திருக்கேன்."